நைட்ரிக் ஆக்சைடு கருவிக்குப் பேட்டண்ட் மீறல் நோட்டீஸ்: பதில் போடும் முன் எதைப் பார்ப்பது?

சிப்காட் பட்டறை, கடலூர்:

வணக்கம். கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு சிறு பட்டறை, பச்சிளங்குழந்தை ஐசியுவுக்கான நைட்ரிக் ஆக்சைடு செலுத்தும் கருவியைத் தயாரிக்கிறது. வென்டிலேட்டரிலிருந்து குழந்தைக்குப் போகும் குழாயில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவுக்கு வாயுவைக் கலந்து விடும் கருவி. சிலிண்டர் 800 பிபிஎம், மீதி நைட்ரஜன். பேட்டண்ட் மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, 15 நாள் கெடு. நகல் புதுச்சேரியில் இரண்டு மருத்துவமனைகளுக்கும் போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

நோட்டீஸில் இரண்டு கிளெய்ம், அதாவது பேட்டண்டில் உரிமை கோரும் வாசகம். முதலாவது சிகிச்சை முறை: எக்கோ எடுத்து, இதயத்தின் இடது கீழறை பலவீனமாக உள்ள குழந்தைகளை ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்கு 20 பிபிஎம் கொடுப்பது. இரண்டாவது கருவி: சிலிண்டர் வால்வில் பொருத்திய மின்சுற்றில் வாயுவின் பெயர், செறிவு, காலாவதித் தேதி பதிவாகியிருக்கும். கருவி அதைக் கம்பியில்லாமல் வாங்கிச் சரிபார்த்து, அதன் பிறகே வாயுவை விடும்.

இந்தக் கருவியில் வால்வில் மின்சுற்று எதுவும் கிடையாது. சிலிண்டரில் பார்கோடு ஸ்டிக்கர்தான். செவிலியர் கைஸ்கேனரால் படிக்கிறார், விவரம் திரையில் வருகிறது, 'சரி' பொத்தானை அழுத்துகிறார். விற்பனையை நிறுத்த வேண்டுமா? வழக்கு எந்த ஊரில் வரும்? பதிலில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது?

வரிக்குவரி, புதுச்சேரி:

முதலில் நோட்டீஸில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது இந்தியாவில் வழங்கப்பட்ட பேட்டண்ட் எண்தானா, விண்ணப்ப எண்ணா, அமெரிக்க எண்ணா? அமெரிக்கப் பேட்டண்டுக்கு இங்கே செல்லுபடி இல்லை. விண்ணப்பம் பிரசுரமாகி இன்னும் வழங்கப்படாமல் இருந்தால், சட்டப்பிரிவு 11ஏ(7)-ன்படி வழங்கப்படும் வரை வழக்குப் போட முடியாது. இதைப் பார்க்காமலேயே பயந்து பதில் எழுதுகிறவர்கள் நிறைய.

காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் எண்ணைப் போட்டால் நிலவரம் கிடைக்கும். புதுப்பிப்புக் கட்டணம் வருடா வருடம் கட்டியிருக்கிறார்களா, விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு எப்போது முடிகிறது, வழங்கிய விவரம் பிரசுரமாகி ஓராண்டு ஆகிவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு ஆகவில்லை என்றால் பிரிவு 25(2)-ன் கீழ் எதிர்ப்பு மனு போடும் வழி திறந்திருக்கிறது. சென்னை கிண்டி அலுவலகத்தின் எல்லைக்குள் புதுச்சேரியும் வரும்.

அதைவிட முக்கியம், அதே பக்கத்தில் இருக்கும், பேட்டண்ட் விண்ணப்பத்தைப் பரிசோதித்த கடிதங்கள். பரிசோதகர் முதல் அறிக்கையில் ஆட்சேபம் சொல்லியிருப்பார். அதற்கு விண்ணப்பதாரர் எழுதிய பதிலை வரி விடாமல் படியுங்கள். 'பழைய கருவிகளில் லேபிளை மனிதர் படித்தார். எங்கள் கண்டுபிடிப்பில் வால்விலேயே மின்சுற்று இருக்கிறது' என்று அவர்களே எழுதி கிளெய்மைச் சுருக்கி வாங்கியிருந்தால், இன்று வந்து பார்கோடும் அதுவும் ஒன்றுதான் என்று சொல்வது கஷ்டம். இந்த ஒரு காகிதம் பாதி வழக்கு.

முதல் கிளெய்ம் பற்றி: இந்தியச் சட்டத்தின் பிரிவு 3(ஐ) மனிதருக்கான சிகிச்சை முறைகளைப் பேட்டண்டுக்கு வெளியே வைத்திருக்கிறது. தப்பித்தவறி வழங்கியிருந்தாலும் 64(1)(கே)-யில் ரத்து கேட்கலாம். ஆனால் 3(ஐ) கருவியைத் தடுக்காது. ஆகவே இங்கே சண்டை முழுக்க இரண்டாவது கிளெய்மில்தான்.

அமெரிக்காவில் இதே வாயு பற்றி நடந்த வழக்கைப் பார்த்தால் இந்த இரண்டும் எப்படிப் பிரிகின்றன என்று புரியும். ஐநோமேக்ஸ் என்ற பெயரில் இந்த வாயுவை விற்கும் மாலின்க்ரோட் தரப்பு, பிராக்ஸ்ஏர் என்ற போட்டி நிறுவனத்தின் மேல் டெலவேர் மாநிலத்தில் போட்ட வழக்கு அது. ஒரு தொகுதிப் பேட்டண்டுகள் இடது கீழறை பலவீனமான குழந்தையை ஒதுக்குவது பற்றியவை, இன்னொரு தொகுதி வால்வில் தகவல் தாங்கும் கருவி பற்றியவை. 2017 செப்டம்பரில் நீதிமன்றம் முதல் தொகுதி செல்லாது என்றும், இரண்டாவதில் மீறல் இல்லை என்றும் சொன்னது. 2019 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த இரண்டையும் உறுதிசெய்தது, ஒரு நீதிபதி மாறுபட்டார். முதல் தொகுதி விழுந்த காரணம் எளிது. ஆபத்துள்ள குழந்தைக்கு 'கொடுக்காதே' என்கிறது கிளெய்ம். மற்ற குழந்தைகளுக்குப் பழைய அளவிலேயே பழைய சிகிச்சை. உடம்பு இயற்கையாக எப்படி நடந்துகொள்கிறது என்று கண்டறிந்ததைத் தாண்டிப் புதிய சிகிச்சை எதுவும் அதில் இல்லை என்று பட்டது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நமக்கு 3(ஐ) இருக்க, அது தேவையும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. நோட்டீஸுக்குப் பயந்து கருவியின் கையேட்டிலிருந்து இடது கீழறை பற்றிய எச்சரிக்கையை எடுத்துவிடாதீர்கள். இந்த வாயு நுரையீரல் ரத்தக்குழாய்களை விரிக்கும், இடப்பக்கத்துக்கு ரத்தம் கூடுதலாக வரும். அந்த அறையால் தள்ள முடியாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த வரி குழந்தையின் உயிருக்கான வரி. எந்தப் பேட்டண்டுக்காகவும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பயோமெட் புதுவை:

கருவிப் பக்கத்தைச் சொல்கிறேன். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் கிளெய்மை உறுப்பு உறுப்பாக உடைத்து எழுதுங்கள்: வால்வில் மின்சுற்று, அதில் நினைவகம், அதில் மூன்று தகவல், கம்பியில்லாமல் அனுப்புதல், கருவி சரிபார்த்தல், சரிபார்த்த பிறகே வாயு. வலது பக்கம் உங்கள் கருவியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாகத்தின் பெயரோடு எழுதுங்கள். 'ஏறத்தாழ', 'போல' என்ற சொற்களே வேண்டாம். ஓர் உறுப்பு இல்லை என்றால் 'இல்லை'.

வாயுவைக் கலக்கும் கணக்கு யாருக்கும் சொந்தம் இல்லை, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. வென்டிலேட்டர் ஓட்டம் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 8 × 20 ÷ (800 − 20), அதாவது சுமார் 205 மில்லி. அந்த அளவுக்கு ஆக்சிஜன் நீர்த்துப்போவது இரண்டரை சதவீதம். நச்சு வாயுவான நைட்ரஜன் டையாக்சைடை அளக்கும் சென்சார், சுவாசக்குழாய் ஒய் இணைப்புக்கு முன்னால் மாதிரி எடுக்கும் குழாய், பயன்படுத்தும் முன் ரெகுலேட்டரைக் கழுவி விடுவது எல்லாம் பழைய வழக்கம். ரெகுலேட்டரில் காற்று தங்கினால் அங்கேயே நைட்ரஜன் டையாக்சைடு சேர்ந்து, திறந்த உடனே குழந்தைக்குப் போகும். அதற்காகத்தான் அந்தக் கழுவல். இவற்றைக் கிளெய்மின் முன்னுரையில் அடுக்கியிருந்தால் மிரள வேண்டாம்.

நிஜமான ஆபத்து கருவிக்குள் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் 'ஸ்மார்ட் சிலிண்டர், தவறான வாயுவைத் தானே கண்டுபிடிக்கும்' என்று யாராவது எழுதியிருப்பார்கள். கருவி அப்படி எதுவும் செய்யாது, ஆனால் எதிர்த்தரப்பின் முதல் ஆவணம் அதுதான். இரண்டாவது, டெண்டர். மருத்துவமனை கேட்ட தொழில்நுட்ப அம்சங்களின் பட்டியலில் 'சிலிண்டர் அடையாளத்தைத் தானாகச் சரிபார்த்தல்' என்று ஒரு வரி இருந்திருக்கும். ஆர்டர் போய்விடக் கூடாதே என்று எல்லா வரிக்கும் 'உண்டு' என்று டிக் அடித்து, முத்திரை வைத்து, கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அந்தத் தாளை இன்றே தேடி எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். கிழித்துப் போடுவதோ தேதி மாற்றுவதோ கூடவே கூடாது. மருத்துவமனையிடம் இன்னொரு பிரதி இருக்கிறது.

கெடிலக்கரை வக்கீல்:

விற்பனையை நிறுத்துவது பற்றி. நோட்டீஸ் வந்தாலே நிறுத்தியாக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் பிரிவு 111-ன்படி, பேட்டண்ட் இருப்பது தெரியாமல் செய்தவரிடம் நஷ்டஈடு வாங்க முடியாது; நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியோடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. உறையையும் தபால் முத்திரையையும் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தேதிக்கு முன், பின் என்று சீரியல் எண் வாரியாக இன்வாய்ஸைப் பிரித்து வையுங்கள். நீங்கள் தோற்றாலும் நஷ்டஈடு அல்லது லாபக் கணக்கு, இரண்டில் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஊர் பற்றி. பிரிவு 104-ன்படி மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இந்த வழக்கு போகாது. தயாரிப்பு கடலூரில், விற்பனை புதுச்சேரியில் என்றால் இரண்டில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் ரத்து கேட்டு எதிர்க்கோரிக்கை வைத்த நிமிடம், வழக்கும் எதிர்க்கோரிக்கையும் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறும். புதுச்சேரியும் அதன் கீழ்தான். ஆகவே கேவியட் மனுவை (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே போடுவது) கடலூர், புதுச்சேரி, உயர் நீதிமன்றம் மூன்றிலும் தனித்தனியாகப் போட்டு, நகலைப் பதிவுத் தபாலில் எதிர்த்தரப்புக்கு அனுப்புங்கள். 90 நாள்தான் ஆயுள், நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். வணிக வழக்குக்கு முன் மத்தியஸ்தம் உண்டே, அவகாசம் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அவசரத் தடையாணை கேட்டால் அந்தப் படி விலகிவிடும். சம்மன் வந்தபின் எதிருரைக்கு, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதிலுக்கு, 30 நாள், நீட்டித்தாலும் 120 நாளைத் தாண்டினால் எதிருரை போடும் உரிமையே போய்விடும்.

தடையாணைக் கட்டத்தில் உங்கள் பலம் இரண்டு. பேட்டண்ட் வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்று ஆகிவிடாது. பிரிவு 13(4) அதைத்தான் சொல்கிறது, பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. செல்லுபடி மேல் நம்பத்தகுந்த சந்தேகத்தை எழுப்பினால் போதும். இன்னொன்று பொதுநலன்: எர்லோட்டினிப் புற்றுநோய் மருந்து பற்றிய ரோச் – சிப்லா வழக்கில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதையும் எடைபோட்டுத் தடையாணையை மறுத்தது. பச்சிளங்குழந்தை ஐசியு கருவிக்கு அந்த வாதம் நன்றாகவே பொருந்தும்.

ரத்துக்குப் பல கதவுகள் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. அலாய்ஸ் வோபன் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ரத்து மனு, எதிர்க்கோரிக்கை இரண்டும் சேர்ந்து நடத்தக் கூடாது, 25(2) எதிர்ப்பில் இறங்கிவிட்டால் பின்னால் இந்த இரண்டும் இல்லை. எதை எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

மருத்துவமனைகளுக்குப் போன நகலின் வாசகத்தை எனக்குச் சரியாகச் சொல்லுங்கள். 'எங்களுக்கு இந்த எண்ணில் பேட்டண்ட் இருக்கிறது' என்று மட்டும் இருந்தால் அது மிரட்டல் ஆகாது. 'வாங்கினால், பயன்படுத்தினால் உங்கள் மீதும் வழக்கு' என்று இருந்தால், அது ஆதாரமில்லாத மிரட்டல் என்று பிரிவு 106-ல் நீங்களே வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். பிரிவு 105-ல் 'மீறல் இல்லை' என்ற அறிவிப்பும் கேட்கலாம்தான். ஆனால் அதற்கு முன் கருவியின் முழு விவரத்தையும் எழுத்தில் அவர்களுக்கே கொடுக்க வேண்டும், செலவும் பொதுவாக நம் தலையில், செல்லுபடியையும் அந்த வழக்கில் கேள்வி கேட்க முடியாது. இந்த நிலையில் 105 எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நோட்டீஸ் கிடைத்தது, மீறலை மறுக்கிறோம், வழங்கிய பேட்டண்டின் நகலும் எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்ற ஒப்பீட்டு அட்டவணையும் தாருங்கள், எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 'வடிவமைப்பை மாற்றிக்கொள்கிறோம்' என்று எழுதினால் ஒப்புக்கொண்டதாகப் படிப்பார்கள். மின்சுற்று வரைபடத்தை இணைக்காதீர்கள்.

சிப்காட் பட்டறை, கடலூர்:

மிக்க நன்றி ஐயா, மூவருக்கும். மருத்துவமனைக் கடிதத்தில் 'பயன்படுத்துவோர் மீதும் நடவடிக்கை' என்ற வரி இருக்கிறது. டெண்டர் தாளில் அந்த வரிக்கு 'உண்டு' என்று டிக் இருக்கிறது. இன்னொரு சந்தேகம்: பார்கோடும் ஒரு வகை நினைவகம், ஸ்கேனரும் கம்பியில்லாதது, ஆகவே எல்லாம் ஒன்றுதான் என்று வாதிட்டால்?

பயோமெட் புதுவை:

நிச்சயம் வாதிடுவார்கள். சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகாவிட்டாலும் சாரம் ஒன்றா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆனால் முக்கியமான உறுப்பு மாறினால் அது வேறு. பூச்சிக்கொல்லி தயாரிக்கும் முறை பற்றிய எஃப்எம்சி – நாட்கோ வழக்கில் 2022-ல், கிளெய்மில் சல்ஃபோனைல் குளோரைடு இருந்த இடத்தில் தயோனைல் குளோரைடு பயன்பட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் தடையாணை தரவில்லை. உங்கள் விஷயத்தில் மாறுவது மின்சுற்று மட்டும் இல்லை. ஸ்டிக்கர் எதையும் அனுப்பாது, சரிபார்ப்பது செவிலியரின் கண்.

எல்லாம் நிற்பது கடைசி உறுப்பில். ஸ்கேன் செய்யாமலே வால்வைத் திறந்தால் உங்கள் கருவி வாயு விடுகிறதா? காலாவதியான தேதியுள்ள பார்கோடைப் படித்தால் நிறுத்துகிறதா, திரையில் காட்டிவிட்டுத் தொடர்கிறதா? ஃபர்ம்வேரில் (கருவிக்குள் ஓடும் மென்பொருளில்) ஒரே ஒரு நிபந்தனை வரி இந்த இடத்தைத் தீர்மானிக்கும். வால்வைத் தடுக்கும் நிபந்தனை அங்கே இருந்தால் 'சரிபார்த்த பிறகே' என்ற உறுப்பு உங்களிடம் இருக்கிறது, அதை இன்றே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

சோதனையை நைட்ரிக் ஆக்சைடு சிலிண்டரில் செய்யாதீர்கள், வெறும் நைட்ரஜன் போதும். ஓட்டம் வருகிறதா என்றுதான் பார்க்கிறோம். சீரியல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓட்டமானி மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரிய வெட்டாமல் வீடியோ எடுங்கள். மூன்று முறை: ஸ்கேன் இல்லாமல், சரியான பார்கோடு, தவறான பார்கோடு. மருத்துவமனைகளில் ஓடும் கருவிகளுக்கு இப்போதைக்கு அப்டேட் போட வேண்டாம். பாதுகாப்புக் காரணத்துக்காகப் போட்டே ஆகவேண்டும் என்றால், பழைய பதிப்பின் முழு நகலைத் தனியாக எடுத்து, எந்தச் சீரியலில் எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று நோட்டுப் போட்டு வையுங்கள். நீதிமன்றம் ஆணையரை அனுப்பினால் அவர் முதலில் கேட்பது அந்த நோட்டுதான்.

கெடிலக்கரை வக்கீல்:

அந்த 'உண்டு' டிக்குக்கு: டெண்டர் நிபந்தனையின் அந்த வரியை முழுசாகத் தட்டச்சு செய்து இங்கே போடுங்கள். 'தானாகச் சரிபார்த்தல் அல்லது பார்கோடு மூலம்' என்று 'அல்லது' இருந்தால் கவலை பாதி குறைகிறது. 106 வழக்குக்கு மருத்துவமனைக் கடிதத்தின் அசல் பிரதி வேண்டும். கொள்முதல் பிரிவில் உள்வரவு முத்திரை போட்ட நகலாகக் கேட்டு வாங்குங்கள்.