மலேசியா, சுங்கை சிப்புட் பெரிய வீடு: ஞாயிறு காலைக் குழு

[8.12] அம்மா: எல்லாரும் பசியாறியாச்சா? செல்வா போனை எடுக்கவில்லை. கனடாவில் பனிப்புயல் என்று செய்தியில் காட்டுகிறார்கள். யாரிடமாவது பேசினானா?

[8.14] மீனா அண்ணி: நேற்று என் பொங்கல் படத்துக்கு இதயம் போட்டார் அத்தை. அதோடு சரி.

[8.15] நான்: அங்கே இப்போது சனிக்கிழமை இரவு ஏழே கால்மா. வண்டியில் இருப்பான். பனி தள்ளுகிற லோரி ஓட்டும்போது போனை எப்படி எடுப்பான்?

[8.19] அம்மா: பாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்கச் சொல்கிறார்: "மழை வந்தால் எங்களுக்கு ரப்பர் மரம் வெட்டே கிடையாது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்த ஆளைக் கங்காணி அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். புயல் அடிக்கும்போது இவனை மட்டும் எதற்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்?"

[8.21] நான்: மரம் நனைந்தால் பால் பட்டையில் வழிந்து வீணாகும், அதனால் உங்களை அனுப்பிவிட்டார்கள் பாட்டி. அண்ணனுக்குப் பனி கொட்டினால்தான் வேலையே.

[8.22] அம்மா: உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் எம்சி லீவு எடுத்தால் குடியா முழுகிவிடும்?

[8.26] பெரியப்பா: ஏம்மா, நான் எத்தனை மழையில் கம்பம் ஏறியிருக்கிறேன், அப்போது யாரும் எம்சி எடுக்கச் சொல்லவில்லையே. 84இல் மின்வாரியம் எல்.எல்.என். என்று இருந்தபோது சேர்ந்தேன். 90இல் தெனாகா ஆனது. பெயர்தான் மாறியது, மழையில் கூப்பிடுவது மாறவில்லை. வெயில் அடிக்கிற நாளில் லைன்மேனை எவன் நினைக்கிறான்?

[8.27] ரவி அண்ணன்: ஆரம்பித்துவிட்டார் 😄

[8.41] செல்வா: அம்மா, நன்றாகத்தான் இருக்கிறேன். யார்டில் நிற்கிறேன், சரக்கு ஏற்றுகிறார்கள். கொஞ்ச நேரம் பேசலாம்.

[8.41] அம்மா: சாப்பிட்டாயா?

[8.42] செல்வா: சாப்பிட்டேன். பிளாஸ்கில் மைலோ இருக்கிறது.

[8.43] நான்: எவ்வளவு குளிர்ணே?

[8.45] செல்வா: மைனஸ் 15. அதுகூடப் பரவாயில்லை. காற்று மணிக்கு 50 கிலோமீட்டர், அதோடு சேர்ந்தால் உடம்புக்கு மைனஸ் 29 மாதிரி. முகத்தை மூடாமல் நின்றால் அரை மணிக்குள்ளேயே தோல் உறைந்துவிடலாம். வைப்பரில் ஐஸ் கட்டிக்கொண்டே இருக்கிறது. அடிக்கடி ஓரம் கட்டி, இறங்கி, தட்டிவிட்டு ஏற வேண்டும். கையுறையைக் கழற்றினால் வைப்பரைப் பிடித்த விரல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

[8.46] மீனா அண்ணி: ஐயோ தம்பி.

[8.48] ரவி அண்ணன்: உப்பு தூவினால் கரைந்துவிடும் என்று யூடியூப்பில் பார்த்தேனே?

[8.50] செல்வா: மைனஸ் 10ஐத் தாண்டினால் வெறும் உப்பு சரியாக எடுபடாது. அதனால் மணல் கலந்துதான் ஏற்றுகிறோம். ஐஸ் கரையாவிட்டாலும் டயருக்குப் பிடி கிடைக்கும்.

[8.51] அம்மா: ரோடு தெரிகிறதா இல்லையா, அதைச் சொல்.

[8.55] செல்வா: உண்மையைச் சொல்லவா? சில இடத்தில் என் வண்டி முன்னால் பனி தள்ளுகிற கத்தியே எனக்குத் தெரியாது. ஹியூரோன் ஏரி இன்னும் முழுக்க உறையவில்லை. குளிர்காற்று அந்த வெதுவெதுப்பான தண்ணீர்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையேறியதும் கொட்டும். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை, ஒரு பட்டையாக. ஒரு ஊரில் நட்சத்திரம் தெரியும், அடுத்த ஊரில் எல்லாம் வெள்ளை. அப்போது காதால்தான் ஓட்டுவேன். சாலை ஓரத்தில் வரிவரியாகக் கீறி வைத்திருப்பார்கள், டயர் அதில் ஏறினால் கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்சம் உள்ளே ஒடிப்பேன்.

[8.56] அம்மா: இதைக் கேட்டிருக்கவே கூடாது.

[8.59] செல்வா: குளிருக்கு நான் பயப்படவில்லைமா. பின்னால் வருகிற காடிகளுக்குத்தான் பயம். பெரிய சாலையில் மூன்று நான்கு லோரிகள் சாய்வாக வரிசை கட்டிப் போவோம். முதல் வண்டி தள்ளிய பனியை அடுத்தது வாங்கி, அது மேலும் ஓரத்துக்குத் தள்ளும். நீல விளக்கு சுழன்றுகொண்டே இருக்கும். அப்படியும் நடுவில் புகுந்து முந்தப் பார்க்கிறான். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு கத்தி அந்தப் பறக்கிற பனியில் அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

[9.01] பெரியப்பா: வெள்ளம் வந்தால் இங்கேயும் பாலத்தில் நின்று படம் பிடிக்கிறான் பார், அதே சாதி. அவன் விழுந்தால் தூக்கப் போவது தீயணைப்புக்காரன். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

[9.05] செல்வா: 2010 டிசம்பரில் சார்னியாவுக்கும் லண்டனுக்கும் நடுவே 402ஆம் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கானோர் பனியில் மாட்டிக்கொண்டார்கள். இங்கேயும் லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது பாட்டி. ராணுவ ஹெலிகாப்டர் வந்துதான் பலரை மீட்டது. வேலையில் பழைய ஆட்கள் இன்னமும் அதைத்தான் சொல்வார்கள். வழியில் காடிகள் அடைத்துக்கொண்டு நின்றால் பனி லோரி எப்படி உள்ளே போகும்?

[9.08] நான்: ஆனால் எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போனவர்கள் இல்லையேணே. 2022 கிறிஸ்துமஸ் சமயம் அமெரிக்காவில் பஃபலோ பனிப்புயலில் பயணத் தடையை வேலைக்குப் போகிற நேரத்தில்தான் அறிவித்தார்கள். பலர் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் பனியில் சிக்கி நின்றன. அந்த மாவட்டத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் செத்தார்கள். கடையைத் திறக்க வா என்று முதலாளி கூப்பிட்டால் சம்பளக்காரன் என்ன செய்வான்? தடை போடுகிறவர்கள் முந்தைய இரவே போட வேண்டும்.

[9.10] செல்வா: அது சரிதான். முந்துகிறவனை மட்டும்தான் திட்டுகிறேன். மாட்டிக்கொண்டவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கிவிடுவான், பனி ஏறிப் புகைக்குழாயை அடைத்துக்கொள்ளும். புகை உள்ளேயே திரும்பும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளை முடித்துவிடும். அதனால் ஓரத்தில் காடி நின்றால் உடனே ரேடியோவில் சொல்லிவிடுவோம்.

[9.14] பெரியப்பா: நம் லைன்மேன் ஆட்கள் கதை ஒன்று சொல்கிறேன். 1998 ஜனவரியில் கனடாவில் கியூபெக், ஒண்டாரியோ பக்கம் உறைபனி மழை. விழுகிற தண்ணீர் பட்ட இடத்திலேயே ஐஸாகி, பாரம் தாங்காமல் சுமார் 1,000 இரும்பு மின்கோபுரங்கள் மடங்கிச் சாய்ந்தன. மரக் கம்பங்கள் 30,000க்கு மேல். ராணுவத்தில் 15,000 பேருக்கு மேல் இறங்கினார்கள். சில ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. லைன்மேன் எவனுக்கும் அந்த ஆண்டு மறக்காது.

[9.15] ரவி அண்ணன்: ஐஸில் கம்பம் ஏறுவதுதான் பெரிய ஆபத்து, இல்லையாப்பா?

[9.19] பெரியப்பா: வழுக்கும், அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாதது ஜெனரேட்டர். வீட்டுக்காரன் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் சொருகுவான். மெயினை அணைக்காவிட்டால் அந்தக் கரண்ட் வெளியே ஏறும். வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் போனால் 11,000 ஆகிவிடும். செத்த லைன் என்று மேலே இருப்பவன் கை வைப்பான். அதனால்தான் லைனைச் சோதித்து, எர்த் போட்டுவிட்டுத்தான் தொடு என்று புதுப் பையன்களிடம் கத்துவேன்.

[9.20] மீனா அண்ணி: மாமா...

[9.20] மீனா அண்ணி: போன மாதம் காற்று மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லையே. அப்போது இவர் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்.

[9.21] ரவி அண்ணன்: மீனா, அதை இங்கே எதற்குச் சொல்கிறாய்?

[9.21] மீனா அண்ணி: இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு வயர் செய்து வைத்திருக்கிறார்.

[9.22] செல்வா: 😳

[9.22] நான்: ரவிண்ணே!!

[9.23] பெரியப்பா: டேய். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறியவன் மகனடா நீ.

[9.24] ரவி அண்ணன்: பிரிட்ஜில் மீன் இருந்தது அப்பா. கெட்டுப்போயிருக்கும்.

[9.26] பெரியப்பா: மீன் போனால் போகட்டும். சுவிட்ச் மாற்றி வைக்கிற பெட்டி இருக்கிறது. தெனாகா பக்கம் வெட்டினால்தான் ஜெனரேட்டர் பக்கம் சேரும், இரண்டும் ஒன்றாகச் சேரவே சேராது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுப் போடு. எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், நானும் வருகிறேன். மெயின் போர்டைப் படம் எடுத்து அனுப்பு. மூடியைத் திறக்காதே. ஜெனரேட்டரை எங்கே வைத்திருக்கிறாய்?

[9.27] ரவி அண்ணன்: பின்கட்டில். கூரைக்குக் கீழே.

[9.27] செல்வா: அண்ணே, நான் சொன்ன அதே புகைதான். வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள்.

[9.29] செல்வா: ஏற்றியாச்சு, கிளம்புகிறேன். அம்மா, உங்கள் நேரம் மதியம் இரண்டுக்கு மேல்தான் போனைப் பார்ப்பேன். அதுவரை கூப்பிடாதீர்கள்.

[9.30] அம்மா: சரி. காதை மூடிக்கொள். பாட்டி திருநீறு பூசினேன் என்று சொல்லச் சொல்கிறார்.

[9.33] ரவி அண்ணன்: மீனா, அந்த வயர் எங்கே? ஸ்டோரில் காணோம்.

[9.34] மீனா அண்ணி: வெட்டிக் குப்பையில் போட்டாச்சு. மாமா, வயர்மேன் நம்பரை எனக்கே அனுப்புங்கள்.