செப்டம்பர் கடைசில ஒரு வாரம்: ஸையனா, யோசெமிட்டியா, இல்ல நார்த் கேஸ்கேட்ஸா?

புதுப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். டாலஸ்ல இருக்கோம். நான், மனைவி, கோயம்புத்தூர்ல இருந்து வர்ற என் தம்பி, மொத்தம் மூணு பேர். செப்டம்பர் கடைசி வாரம் லீவு சொல்லியாச்சு. இதுவரைக்கும் எட்டு மைல் வரைக்கும் நடந்து பழக்கம் இருக்கு. வியூபாயிண்ட்ல கார நிறுத்தி ஃபோட்டோ எடுத்துட்டு திரும்பற டிரிப் இந்த தடவை வேணாம், கை காலுக்கு வேலை இருக்கணும், நெஞ்சு கொஞ்சம் படபடன்னு அடிக்கணும். நான் மனசுல வச்சிருக்கறது யூட்டால ஸையன் தேசியப் பூங்கால இருக்கற ஏஞ்சல்ஸ் லேண்டிங்ங்கற பாறை முகடு, இல்லனா கலிஃபோர்னியால யோசெமிட்டி பூங்கால ஹாஃப் டோம்ங்கற மலை. ஆனா ஆஃபீஸ்ல ஒருத்தர் அதெல்லாம் இப்ப வெறும் கியூ ஆயிடுச்சு, லாட்டரில பேரு வந்தாதான் விடுவாங்க, காசும் நேரமும் வேஸ்ட்டுங்கறார். மனைவிக்கு உயரம்னா பயம், அதையும் சொல்லிடறேன். போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

கயிறுபிடி:
வெறும் கியூன்னு சொன்னவர் கேபிள்ல ஏறிப் பாத்தாரான்னு முதல்ல கேளுங்க. நான் ஹாஃப் டோம் ரெண்டு தடவை ஏறியிருக்கேன், ரெண்டும் ஜூன்ல. விடிகாலை நாலரைக்கு நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு பள்ளத்தாக்குல இருந்து கிளம்பினா மிஸ்ட் டிரெயில்ல வெர்னல் அருவி சாரல்லயே பாதி நனைஞ்சிடுவீங்க, அந்த அருவி 317 அடி, அதத் தாண்டினா நெவாடா அருவி 594 அடி, அதுக்கும் மேல காடு, அதுக்கப்புறம் சப் டோம்னு ஹாஃப் டோமுக்கு முன்னாடி வர்ற சின்ன குன்று, அது அடில ரேஞ்சர் நின்னு பர்மிட் பாப்பாங்க. போக வர 14ல இருந்து 16 மைல், ஏத்தம் மட்டும் 4,800 அடி. கேபிள்ங்கறது அதுல கடைசி 400 அடிதான். ரெண்டு பக்கமும் இரும்புக் கயிறு, நடுவுல கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரக்கட்டை, கால நிறுத்தி மூச்சு வாங்க. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வெறும் கருங்கல், அத்தனை வருஷம் ஷூ பட்டு பட்டு வழவழன்னு ஆன கல்லு. அங்க காலு சும்மா ஒப்புக்குதான், உடம்ப மேல இழுக்கறது தோள்பட்டைதான். 1919ல போட்ட வழி அது. மேல போய் நின்னு கீழ பள்ளத்தாக்க பாத்தப்ப எனக்கு பேச்சே வரல, கூட வந்தவன் அழுதுட்டான்.

கூட்டம்ங்கறீங்க, 2010ல பர்மிட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சனி ஞாயிறுல கேபிள்ல ஏறவும் முடியாம இறங்கவும் முடியாம மாட்டிக்கிட்டு நிப்பாங்க. இப்ப ஒரு நாளைக்கு 300 பேருதான். கூட்டத்த குறைச்சதே அந்த லாட்டரிதான், அதையே குறையா சொன்னா எப்படி?

பனிக்கோடு:
கயிறுபிடி சொல்ற அனுபவத்த நான் மறுக்கல. ஆனா அவர் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. ஹாஃப் டோம் பெரிய லாட்டரி மார்ச் மாசத்தோட முடிஞ்சிடும். அத விட்டா ரெண்டு நாளைக்கு முன்னாடி போடற தினசரி லாட்டரிதான். டாலஸ்ல இருந்து மூணு டிக்கெட் எடுத்து, ஓட்டல் புக் பண்ணி, லீவும் போட்டு, அங்க போய் ஃபோன பாத்துட்டே உக்காந்திருக்கணும், வரலன்னா அந்த வாரம் என்ன பண்ணுவீங்க? ஸையன் கதை தனி. 2023ல மட்டும் 46 லட்சம் பேர் வந்த இடம், காலைல ஷட்டில் பஸ்ஸுக்கே வரிசை.

நான் சியாட்டில் பக்கம் இருக்கேன். மூணு மணி நேரம் ஓட்டினா நார்த் கேஸ்கேட்ஸ். முந்நூறுக்கு மேல பனியாறு இருக்கற பூங்கா, நுழைவுக் கட்டணமே கிடையாது, பகல்ல நடந்துட்டு திரும்ப எந்த பர்மிட்டும் வேணாம். மார்பிள்மவுண்ட்ங்கற சின்ன ஊர்ல இருந்து கேஸ்கேட் ரிவர் ரோடு, கடைசில மண் ரோடு, அது முடியற இடத்துல கேஸ்கேட் பாஸ் பாதை தொடங்குது. ஒரு பக்கம் 3.7 மைல், முப்பதுக்கு மேல வளைவு, ஆனா சரிவு சீரா இருக்கும், எட்டு மைல் நடக்கறவங்களுக்கு கச்சிதமா வரும். எதிர்ல ஜோஹன்னஸ்பர்க்னு ஒரு மலை, செங்குத்தா நிக்கும், அது மேல பனிக்கட்டி தொங்கிட்டிருக்கும். போன தடவை மேல உக்காந்து புளிசாதம் சாப்பிட்டுட்டு இருந்தோம், இடி இடிச்ச மாதிரி சத்தம், வானத்த பாத்தா ஒரு மேகம் இல்ல. எதிர் மலைல ஒரு பனித்துண்டு உடைஞ்சு பொடிப்பொடியா இறங்கிட்டிருந்துச்சு. சத்தம் வந்து சேர்றதுக்குள்ள பாதி விழுந்துருச்சு. அந்த இடத்துல நாங்க மொத்தம் ஆறு பேர். இத விட்டுட்டு ஏஞ்சல்ஸ் லேண்டிங்ல சங்கிலிய புடிச்சிட்டு முன்னாடி போறவன் எப்ப நகருவான்னு நிக்கணுமா?

கயிறுபிடி:
பனிக்கோடு, மொத்தம் ஆறே பேர்னு கூட்டமே இல்லாத பூங்கா மாதிரி நீங்க சொல்ற கணக்குல ஒரு சூட்சுமம் இருக்கு, அதையும் சொல்லிடுங்க. ஹைவே 20 போறது, டியாப்லோ ஏரி வியூபாயிண்ட் இருக்கறது எல்லாம் ராஸ் லேக் ரெக்ரியேஷன் ஏரியாவுக்குள்ள, பக்கத்துலயே இருந்தாலும் அது தனிக் கணக்கு. அங்க வருஷத்துக்கு பல லட்சம் பேர் வர்றாங்க. பூங்கான்னு கோடு போட்ட இடத்துக்குள்ள கார் ரோடே அனேகமா அந்த கேஸ்கேட் ரிவர் ரோடு மாதிரி ஒண்ணு ரெண்டுதான், அதனால பூங்காவுக்கு வர்றவங்க நம்பர் சின்னதா தெரியுது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல போனா கேஸ்கேட் பாஸ் பார்க்கிங்லயும் இடம் இருக்காது, நான் ரோட்டோரம் போட்டுட்டு நடந்திருக்கேன்.

அப்புறம் செப்டம்பர். 2023ல சவர்டோ தீ வந்தப்ப ஹைவே 20யவே மூடிட்டாங்க. தீ இல்லாத வருஷம்னா மழை. டாலஸ்ல இருந்து வந்து மூணு நாள் மேகத்துக்குள்ள நடந்துட்டு போனா, எதிர்ல மலை இருக்குன்னு நீங்க சொல்லிதான் நம்பணும்.

பனிக்கோடு:
மழை பத்தி சொன்னது நியாயம், ஒத்துக்கறேன். செப்டம்பர் கடைசி எங்க ஊர்ல சூதாட்டம்தான். ஆனா நல்ல நாள் அமைஞ்சா ஹக்கிள்பெரி செடி எல்லாம் சரிவு முழுக்க செவப்பாயிடும், அத நான் வேற எங்கயும் பாத்ததில்ல. கேஸ்கேட் பாஸ்ல இருந்து சஹாலி ஆர்ம்ங்கற மலைத்தோளுக்கு மேல ஏறினா மர்மாட்னு பெரிய அணில் மாதிரி ஒரு பிராணி பாறைல படுத்து வெயில் காஞ்சிட்டிருக்கும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது உயர பயம். புதுப்பாதை மனைவிக்கு பயம்னு எழுதியிருக்கார், நீங்க கேபிள சொல்றீங்க. 2024 ஜூலைல மழைல கேபிள்ல இறங்கும்போது இருபது வயசுப் பொண்ணு ஒண்ணு வழுக்கி விழுந்து உயிர் போச்சு. அது பழக்கமில்லாத பொண்ணும் இல்ல. பயப்படறவங்கள அங்க கூட்டிட்டுப் போனா அவங்களுக்கு மட்டும் ஆபத்து இல்ல, பின்னாடி வர்ற எல்லாருக்கும்தான்.

அடிவாரம்:
ரெண்டு பேரும் மேல ஏறறதப் பத்தி மட்டுமே பேசறீங்க. நான் ஒன்பது வருஷமா ஃபீனிக்ஸ்ல இருக்கேன், எங்களுக்கு கிராண்ட் கேன்யன்தான் சொந்த ஊர் மாதிரி. அங்க எல்லாம் தலைகீழ், முதல்ல இறக்கம், உடம்பு ஓய்ஞ்ச பிறகு ஏத்தம். சவுத் கைபாப் பாதைல சொட்டுத் தண்ணி கிடைக்காது, நிழலும் கிடையாது. ஸ்கெலிட்டன் பாயிண்ட் வரைக்கும் போயிட்டு வந்தா ஆறு மைல், கொலராடோ ஆறு முதல்ல கண்ணுக்குத் தெரியறது அங்கதான்.

எங்க அண்ணன் ஊர்ல இருந்து வந்திருந்தப்ப கூட்டிட்டுப் போனேன், அதுவும் செப்டம்பர்தான். தண்ணி குடி தண்ணி குடின்னு நானேதான் சொல்லிட்டே வந்தேன், அவரும் நாலு லிட்டர் குடிச்சார், சாப்பாடு மட்டும் வேணாம்னுட்டார். திரும்பி ஏறும்போது சீடர் ரிட்ஜ் பக்கத்துல தலை சுத்தி வாந்தி, பேச்சு குளறுது. வெயில்னு நினைச்சு இன்னும் தண்ணி குடுக்கப் போனேன். மேல இருந்து இறங்கிட்டிருந்த ஒரு அம்மா என் கைய புடிச்சு தடுத்து, உப்பு பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சு ஒண்ணு ஒண்ணா அவர் வாயில வச்சாங்க. வேர்வைல உப்பு போயிட்டே இருக்கும்போது வெறும் தண்ணி மட்டும் ஊத்தினா ரத்தத்துல உப்பு அளவு இறங்கி ஆளையே சாய்ச்சிடும்னு அன்னைக்குதான் தெரிஞ்சுக்கிட்டேன். அரை மணி நேரம் பாறை நிழல்ல உக்கார வச்சு, அப்புறம் மெதுவா ஏத்திட்டு வந்தோம்.

அதனால புதுப்பாதை, எந்த பூங்கா போனாலும் ஊறுகாயோ கடலையோ சிப்ஸோ பைல இருக்கட்டும். கோடைல காலை பத்து மணில இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் பள்ளத்துக்குள்ள நடக்காதீங்கன்னு ரேஞ்சர்ங்க சொல்றத செப்டம்பர்லயும் கேளுங்க, மேல ரிம்ல, அதாவது பள்ளத்தோட விளிம்புல, ஸ்வெட்டர் போடற நாள்லயும் கீழ கொதிக்கும்.

உங்க மூணு பேருக்கு என் ஓட்டு ஸையன்தான். காரணம் கூட்டமோ பேரோ இல்ல. ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு பர்மிட் ஸ்கவுட் லுக்அவுட்டுக்கு மேலதான் வேணும், அதுவரைக்கும் யார் வேணா போகலாம். 21 வளைவு இருக்கற வால்டர்ஸ் விக்கிள்ஸ் ஏறித்தான் ஸ்கவுட் லுக்அவுட்டுக்கே வரணும். அதுவே நல்ல ஏத்தம், ஆனா பாதை அகலமா இருக்கும். சங்கிலி வர்ற கடைசி அரை மைலுக்கு நீங்களும் தம்பியும் போங்க, உங்க மனைவி அங்கயே உக்காந்து உங்கள பாக்கலாம். மறுநாள் மூணு பேரும் சேர்ந்து நேரோஸ், ரெண்டு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி நிக்கற ஆத்துச் சந்து. அதுல உயரம்ங்கற பேச்சே இல்ல, ஆத்துக்குள்ளயே நடக்கறது.

கயிறுபிடி:
அக்கா சொல்ற ஸையன் பிளானுக்கு நான் எதிர்ப்பு சொல்லல, உயர பயம்னு முதல் பதிவுலயே இருந்தத நான் சரியா படிக்கல, அது என் தப்பு. ஆனா பனிக்கோடு "முன்னாடி போறவன் எப்ப நகருவான்னு நிக்கணுமா"ன்னு சொன்னதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. முன்ன பின்ன தெரியாத ஆளு ஒருத்தர் சங்கிலில நடுங்கிட்டு நின்னா எதிர்ல வர்றவங்க ஒதுங்கி நின்னு இடது கால அந்தப் பள்ளத்துல வைங்கன்னு சொல்லிக் குடுக்கறத நான் பாத்திருக்கேன். அக்காவோட அண்ணனுக்கு உப்பு பிஸ்கட் குடுத்ததும் வழில வந்த ஒருத்தங்கதானே. ஆளே இல்லாத மலைல அது கிடைக்குமா?

பனிக்கோடு:
அது சரிதான், நானும் தனியா போறவன் இல்ல. ஆனா ஆள் இருப்பாங்கன்னு நம்பி தயாராகாம வர்றவங்கதான் கூட்டமான பாதைல அதிகம். கேஸ்கேட்ஸ்ல ஃபோன் எடுக்காதுன்னு தெரிஞ்சே போறதால மேப், மழைக்கோட்டு, கூட ஒரு வேளை சாப்பாடு எல்லாம் எடுத்துட்டுதான் போவோம். இதுல நான் மாறப் போறதில்ல.

மூணாம்கியர்:
நடுவுல ஒரு விஷயம். தம்பி இந்தியால இருந்து வர்றார்னா இத பாத்துக்கோங்க. 2026 ஜனவரி 1ல இருந்து வருஷ பாஸ் இல்லாம வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு 11 பூங்கால வழக்கமான கட்டணத்துக்கு மேல ஆளுக்கு 100 டாலர். ஸையன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், கிளேசியர், எல்லோஸ்டோன் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு. நார்த் கேஸ்கேட்ஸ்ல காசு வாங்கற நுழைவாயிலே இல்ல.

புதுப்பாதை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்ல மூணு பேரும் உக்காந்து படிச்சோம். ஸையன்தான். வேகாஸ் வரைக்கும் ஃப்ளைட், அங்க இருந்து கார். மனைவி ஸ்கவுட் லுக்அவுட்ல நிக்கறேன்னு சொல்லிட்டா, ஆனா நேரோஸ் ஃபோட்டோ பாத்துட்டு அதுக்குதான் நான் வர்றேங்கறா. ரெண்டு கேள்வி: ஏஞ்சல்ஸ் லேண்டிங் லாட்டரி எப்ப போடணும், நேரோஸ்ல எவ்வளவு தூரம் போகலாம்? பனிக்கோடு, அடுத்த ஆகஸ்ட் உங்க பக்கம், இது சத்தியம்.

அடிவாரம்:
செப்டம்பருக்கு சீசன் லாட்டரி ஜூலைல. விட்டுப் போச்சுன்னா முதல் நாள் லாட்டரி இருக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு ரிசல்ட் வந்துடும். ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு ஷட்டில்ல குரோட்டோ ஸ்டாப், நேரோஸுக்கு கடைசி ஸ்டாப்.

நேரோஸ் கீழ இருந்து மேல நடந்தா பர்மிட் வேணாம், பிக் ஸ்பிரிங்ங்கற இடம் வரைக்கும்தான் விடுவாங்க, அது ஒரு பக்கம் ஏறக்குறைய அஞ்சு மைல். அவ்வளவு போகணும்னு இல்ல, சுவர் ரெண்டும் நெருங்கி வர்ற வால் ஸ்ட்ரீட் வரைக்கும் போனா போதும். அடில இருக்கற கல்லு ஒவ்வொண்ணும் உரிச்ச தேங்காய் சைஸ், எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும், தண்ணி ஓட்டத்துல எங்க கால் வைக்கிறோம்னே தெரியாது. பூங்கா வாசல்ல இருக்கற ஸ்பிரிங்டேல் ஊர்க் கடைங்கள்ல ஷூ, ரப்பர் சாக்ஸ், ஆள் உயரத்துக்கு கழி எல்லாம் வாடகைக்குத் தருவாங்க. கழிய கட்டாயம் வாங்குங்க, உங்க மனைவிக்கு முதல்ல. ஒரு கால தூக்கறதுக்கு முன்னாடி கழிய ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஊணிக்கணும். ஆத்துத் தண்ணிய குடிக்கவோ முகம் கழுவவோ வேணாம், 2020ல இருந்து அதுல விஷப்பாசி இருக்கு, ஃபில்டர் பண்ணாலும் போகாது.

கயிறுபிடி:
அதோட வானிலை. உங்க தலைக்கு மேல வானம் நீலமா இருந்தாலும் பத்து மைல் தள்ளி பெஞ்ச மழை அந்த சந்துக்குள்ள வெள்ளமா வரும். 2015 செப்டம்பர்ல ஸையன்லயே இருக்கற கீஹோல் கேன்யன்ங்கற சந்துல ஏழு பேர் அப்படித்தான் போயிட்டாங்க, அன்னைக்குக் காலைல பர்மிட் வாங்கிட்டு இறங்கினவங்க. விசிட்டர் சென்டர்ல வெள்ள அபாயம் எந்த அளவுன்னு தினமும் எழுதிப் போடுவாங்க, அத பாக்காம ஷட்டில் ஏறாதீங்க. ஆத்து ஓட்டம் விநாடிக்கு 150 கன அடிக்கு மேல போனா அவங்களே மூடிடுவாங்க.

பனிக்கோடு:
ஆகஸ்ட்ட குறிச்சு வச்சுக்கிட்டேன். நானும் நேரோஸ் ஒரு தடவை போயிருக்கேன், அதனால சொல்றேன். மூணு பேர்ல ஒருத்தர் எப்பவும் தண்ணிய பாத்துட்டே நடங்க. தெளிவா ஓடிட்டிருந்தது திடீர்னு டீ கலர் ஆனாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ நின்னு பேசிட்டிருக்காதீங்க, கேமராவ விடுங்க, பக்கத்துல எந்தத் திட்டு உயரமா இருக்கோ அதுல ஏறிடுங்க, முடிஞ்ச வரைக்கும் மேல போங்க. தண்ணி வடியற வரைக்கும் இறங்காதீங்க, அது எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பைல அந்த உப்பு பிஸ்கட் இருக்கட்டும்.