கேமரா நாடி பார்க்குமா? குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

பெரியப்பா: கைபேசியை முகத்துக்கு நேரே சற்று நேரம் பிடித்திருந்தால் நாடித்துடிப்பைச் சொல்லிவிடும் என்று ஒரு செயலியின் விளம்பரம் வந்திருக்கிறது. தொடாமல் நாடி பார்ப்பது நடக்கிற காரியமா, ஏமாற்று வேலையா?

அண்ணன்: நடக்கிற காரியம்தான், பெரியப்பா. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு சற்றே கூடிக் குறைகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நெற்றியிலும் கன்னத்திலும் உள்ள ஏராளமான பிக்சல்களின் (படத்தின் நுண்புள்ளிகளின்) பச்சை மதிப்பைச் சராசரியாக்கி, நொடிக்கு 30 படங்கள் வீதம் தொடர்ந்து கணக்கிட்டால் ஓர் அலை புலப்படும். அது நொடிக்கு 1.2 முறை எழுந்து தாழ்ந்தால், நிமிடத்துக்கு 72 துடிப்பு. சாதாரணக் கேமராவும் அறை வெளிச்சமுமே இதற்குப் போதும் என்று வெர்க்ருய்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

சித்தி: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு, தம்பி?

அண்ணன்: நமக்குப் பெரிய தேவையில்லை, சித்தி. குறைமாதக் குழந்தைகளின் தோல் மிக மெல்லியது. ஒட்டிய உணரியைப் பிரித்தெடுக்கும்போதே புண்ணாகிவிடும். தொடாமல் அளப்பது அங்கேதான் உண்மையில் பயன்படும்.

பெரியப்பா: அப்படியென்றால் கணக்கு துல்லியமாக இருக்குமா?

அண்ணன்: நல்ல வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் சரியாக வரும். பேசினாலோ, தலையைத் திருப்பினாலோ, எதிரே தொலைக்காட்சி ஓடினாலோ ஏற்படும் ஒளிமாற்றம் நாடியின் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. 2010-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து அலசி நாடியை மட்டும் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். ஆனாலும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. கருத்த தோலில் மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் கிடைக்கும் அலை இன்னும் மெலிந்துவிடுகிறது. நம்மைப் போன்றவர்களிடம் சோதிக்காமல் செய்த செயலியை நான் நம்பமாட்டேன்.

பெரியப்பா: இரத்த அழுத்தத்தையும் சொல்லும் என்று போட்டிருக்கிறதே?

அண்ணன்: துடிப்பை எண்ணுவது வேறு, அழுத்தத்தை அளப்பது வேறு. அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கையில் பட்டை சுற்றும் கருவியிலேயே பாருங்கள்.

சித்தி: வீடியோ அழைப்பில் பேசும்போதே பெரியப்பாவின் நாடியை இங்கிருந்து பார்த்துவிடலாமா?

அண்ணன்: கடினம், சித்தி. அழைப்பில் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நிறமாற்றங்களைத்தான் முதலில் கழித்துவிடுகிறார்கள். கேமரா இருக்கும் இடத்திலேயே, சுருக்குவதற்கு முன்பே கணக்கிட்டுவிட வேண்டும்.