பெரியப்பா வொர்க்ஷாப்பில் ஒரு பழைய டொயோட்டா இன்ஜின்: எந்த வகை, என்ன விலை சொல்லலாம்?

உட்லண்ட்ஸ் கார்த்தி:
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் பெரியப்பா வைத்திருந்த வொர்க்ஷாப்பை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஓர் இன்ஜின் இருக்கிறது. கியர்பாக்ஸ் இல்லை. மேல் மூடியில் டொயோட்டா, ட்வின் கேம், 16 வால்வு என்று எழுத்து. பெரியப்பாவுக்கு உடம்பு முடியாததால் அதிகம் பேச வருவதில்லை. கேட்டால் "ஃபோர் ஏஜி, நல்ல இன்ஜின், வித்துடாதே" என்று மட்டும் சொல்கிறார். வைத்துக்கொள்ள எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் இடமில்லை.

பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் எடைக்கு 120 வெள்ளி தருகிறேன் என்றார். பக்கத்து யூனிட் ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டு, "ரெட்டாப் இது, 400 வெள்ளி தரேன், இன்னிக்கே தூக்கிக்கிறேன்" என்கிறார். இணையத்தில் பார்த்தால் 700 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளி வரை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? பெரியப்பா அருமையாக வைத்திருந்த பொருள், சும்மா போய்விடக் கூடாது.

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதலில் அந்த ஃபோர்மேனிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். இன்றைக்கே தூக்குகிறேன் என்பவருக்குப் பொருளின் மதிப்பு தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூடியின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாலு போல்ட்டைக் கழற்றினால் மூடியை மாற்றிவிடலாம். பெரியப்பா "ஃபோர் ஏஜி" என்று சொல்லும் 4ஏ-ஜிஇ என்பது 1,587 சிசி, இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். 1983-இல் வந்த ஏஇ86 லெவின், ட்ரூனோ கார்களில் இருந்ததுதான் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 16 வால்வு வகை மட்டும் மூன்று தலைமுறை. முதலாவதில் கறுப்பும் நீலமும் கலந்த எழுத்து, பிளாக்கின் பக்கவாட்டில் மூன்று விலா (புடைத்து நிற்கும் கோடு). இரண்டாவது 1987-இல் வந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்த எழுத்து, பிளாக்கில் ஏழு விலா, கனெக்டிங் ராடு உட்காரும் ஜர்னல் 40-லிருந்து 42 மில்லிமீட்டருக்குப் பெரிதானது. மூன்றாவது 1989 நடுவில் வந்தது. எழுத்து முழுக்கச் சிவப்பு, அதே ஏழு விலா, கம்ப்ரெஷன் 10.3, ஹெட்டில் காற்று போகும் துளைகள் சின்னவை. நம் ஆட்கள் ஸ்மால்போர்ட் என்பது இதைத்தான். ஆக, "ரெட்டாப்" (சிவப்பு மூடி) என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துக் குழப்புகிறார்கள். விலை பேசும்போது அந்தக் குழப்பம் வாங்குபவருக்கே லாபம்.

அதனால் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் செங்குத்தாக ஓடும் விலாக்கள் எத்தனை? இன்டேக் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் பட்டாம்பூச்சி வால்வுகள் கொண்ட ஒரு தட்டு இருக்கிறதா? அதுதான் டி-விஸ். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உள்ள இரண்டு பாதைகளில் ஒன்றைக் குறைந்த வேகத்தில் மூடி வைத்து, சுற்று 4,000-க்கு மேல் ஏறியதும் திறந்துவிடும். முதல் இரண்டு தலைமுறையிலும் இது உண்டு, ஸ்மால்போர்ட்டில் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் எண். அதில் வெறும் 4ஏ என்று மட்டும் இருந்தால், அதை வைத்தே ஜிஇ என்று சொல்ல முடியாது. சாதாரண கொரோலாவின் பிளாக்கும் 4ஏ குடும்பம்தான். பிளாக்கும் ஹெட்டும் ஒரே இன்ஜினைச் சேர்ந்தவையா என்பதைத்தான் விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன், துடைக்கலாம், ஆனால் பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட்டைப் பார்த்ததும் எதை மறைக்கிறார்கள் என்றுதான் வாங்குபவர் தேடுவார்.

பூன் லே பிரபா:
இன்ஜின் எண்ணைப் படம் எடுத்துப் போடும்போது கடைசி எண்களை மறைத்துவிடுங்கள். நேரில் வருபவருக்கு முழுதாகக் காட்டினால் போதும்.

பெரியப்பாவின் பழைய கோப்புகளில் இந்த இன்ஜின் வாங்கிய ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக (இன்ஜினோடு வெட்டியெடுத்த பாதிக் காராக) வந்ததா, இங்கே பதிவு ரத்தான காரிலிருந்து எடுத்ததா என்பது முக்கியம். சிங்கப்பூரில் ஓடும் காரில் இன்ஜின் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத இன்ஜினைத் தொடவே பலர் தயங்குவார்கள்.

உட்லண்ட்ஸ் கார்த்தி:
ரொம்ப நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். விலா ஏழு. எழுத்து கறுப்பும் சிவப்பும். டி-விஸ் தட்டு இருக்கிறது, மேனிஃபோல்டும் இருக்கிறது. அலமாரியில் ஒரு பெட்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் ஒயரிங்கும் கிடைத்தன, பெரியப்பா கையெழுத்தில் "4ஏஜி" என்று டேப் ஒட்டியிருக்கிறது. இறக்குமதிக்காரரின் ரசீதும் கோப்பில் இருந்தது, இன்ஜின் எண் ஒத்துப்போகிறது. ஆனால் முன்னால் இருக்கும் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அசையவே இல்லை. இறுகிப்போனதா? அப்படியானால் எடைக்குத்தான் போகுமா?

பழைய ஸ்பேனர்:
பயப்படாதீர்கள், பலம் போட்டும் திருப்பாதீர்கள். இந்த ஈரப்பதத்தில் வருஷக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் லேசாக ஒட்டிக்கொள்வது சகஜம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, துளைக்குள் மெல்லிய எண்ணெய் கொஞ்சம் விட்டு இரண்டு நாள் அப்படியே வையுங்கள். பிறகு புல்லிப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில், நீளக் கைப்பிடி போட்டு மெதுவாக. அசையாவிட்டால் திரும்ப எண்ணெய், திரும்பப் பொறுமை.

இரண்டாம் தலைமுறை பிக்போர்ட் (காற்றுத் துளை பெரியது), கம்ப்யூட்டரோடும் ரசீதோடும். நல்ல பொருள் தம்பி. ஒயரிங்கையும் கம்ப்யூட்டரையும் தனியாக விற்றுவிடாதீர்கள். ஒரே இன்ஜினுக்கு உரிய ஜோடியைத் தேடித்தான் வாங்குபவர்கள் அலைகிறார்கள்.

ஜேபி மணி:
மலேசியாவில் பின்சக்கரம் ஓட்டும் பழைய கேஇ70 கொரோலாவுக்குள் 4ஏஜி போடுவது ரொம்ப காலமாக நடக்கிறது, அதனால் இந்தப் பக்கம் ஆள் கிடைக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் காரிலிருந்து வந்திருந்தால், பின்சக்கரக் காருக்கு எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்க் குழாய் வாய், மவுன்டிங் எல்லாம் மாற்ற வேண்டும். அந்தச் செலவைச் சொல்லித்தான் பேரம் பேசுவார்கள், அது நியாயமும்கூட. எந்தக் காரிலிருந்து வந்தது என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள், பாதிப் பேச்சு மிச்சம். ஜோகூர் பாலம் தாண்டிக் கொண்டுவரும் பொறுப்பை நீங்கள் ஏற்காதீர்கள். சுங்க அறிவிப்பும் அனுமதியும் வாங்குபவர் வேலை. பொருளை சுங்கை காடுட்டிலேயே கைமாற்றுங்கள்.

உட்லண்ட்ஸ் கார்த்தி:
சுற்றிவிட்டது! முதல் நாள் அசையவில்லை. திரும்ப எண்ணெய் விட்டு வைத்தோம். நேற்று மாலை கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு முழுச் சுற்றும் தடங்கல் இல்லாமல் வந்தது. பெரியப்பாவுக்கு வீடியோ காட்டினேன், மனிதர் சிரித்துவிட்டார்.

இனி விலை. ஸ்டார்ட் பண்ணிக் காட்ட முடியாத இன்ஜினுக்கு எப்படிச் சொல்வது?

பழைய ஸ்பேனர்:
அருமை. கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டரும் இல்லாமல் கம்ப்ரெஷன் சோதனை சிரமம், ஆனால் கசிவுச் சோதனை தரையில் வைத்தே செய்யலாம். ஒவ்வொரு சிலிண்டராக, வால்வுகள் மூடியிருக்கும் மேல் நிலைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்ற வேண்டும். காற்று தள்ளினால் பிஸ்டன் சட்டென்று கீழே இறங்கும், ஆகவே கிராங்க் சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். எண்ணெய் ஊற்றும் வாயில் சத்தம் வந்தால் ரிங், எக்ஸாஸ்ட்டில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் வந்தால் இன்டேக் வால்வு. நான்கு சிலிண்டரின் எண்ணையும் எழுதி, மீட்டரோடு படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். உங்கள் வாய்ச்சொல்லைவிட அந்த நான்கு படத்துக்கு மதிப்பு அதிகம்.

விலைக்கு, போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். 3,000 வெள்ளி என்று போட்டது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கலாம். விற்றுப்போனது என்று குறித்த விளம்பரங்களைத் தேடி, கம்ப்யூட்டரோடு போனவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். என் கணக்கைக் கேட்டால், கசிவு நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால் 1,400 என்று எழுதி 1,100-க்குக் கீழே இறங்காதீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மோசமாக இருந்தால் 800, குறையை வெளிப்படையாகச் சொல்லி. அப்போதும் ஃபோர்மேன் சொன்னதற்கு இரண்டு மடங்கு.

தெம்பனீஸ் செல்வி:
பணம் பேநவ்-இல் (கைப்பேசி வழி வங்கிப் பணமாற்று) வந்து சேர்ந்ததை உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே தூக்க விடுங்கள், அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஒரு காகிதத்தில் இன்ஜின் எண், தேதி, "உள்ளபடியே விற்கப்பட்டது" என்ற வரி, இருவர் கையெழுத்து, ஆளுக்கு ஒரு பிரதி.

உட்லண்ட்ஸ் கார்த்தி:
கசிவுச் சோதனை முடிந்தது. மூன்று சிலிண்டர் நன்றாக இருக்கிறது, நான்காவதில் கொஞ்சம் அதிகம், எண்ணெய் வாயில் சத்தம். அப்படியே எழுதி 1,200 வெள்ளி போட்டேன். காக்கி புக்கிட்டிலிருந்து ஒருவர் சனிக்கிழமை டெயில்கேட் லாரியோடு வருகிறார், 1,050-க்கு ஒத்துக்கொண்டோம். ரசீதின் அசலைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பூன் லே பிரபா:
கொடுங்கள், இன்ஜினோடு போக வேண்டிய காகிதம் அது. நீங்கள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லாரி வருவதற்கு முன் எண்ணெயை வடித்து டின்னில் அடைத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பக்கத்து வொர்க்ஷாப்பில் கழிவு எண்ணெய்ப் பீப்பாய் இருக்கும், கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.