வீட்டு கரண்ட் செலவைக் குறைக்க அரசு பணம் போட்டா உள்ளூர்ல வேலை வருமா?

மதுரை வயர்மேன்:
வணக்கம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிச்சு ஆறு வருஷம் வயரிங் வேலை, இப்ப ஒரு வருஷமா சோலார் டீம்ல இருக்கேன். வீட்டு மாடியில சோலார் போட மத்திய அரசு கொண்டுவந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் கொடுக்கறதால எங்களுக்கு வேலை வருது, இல்லேங்கல. ஆனா சொந்த மாடி இருக்கறவங்களுக்குத்தானே அது. எங்க தெரு பூரா லைன் வீடு, பழைய ஃபேன் ராத்திரி முழுக்க சுத்தியும் வேர்த்து ஊத்துது. அந்த வீடுகளுக்கு ஃபேன் மாத்த, கூரை சூட்டைக் குறைக்க அரசு பணம் போட்டா வருஷம் பூரா வேலை இருக்குமே, எங்கயாச்சும் செஞ்சிருக்காங்களா?

மெல்போர்ன்வாசி:
தம்பி, இங்க செஞ்சாங்க. 2009ல உலகமே பொருளாதாரச் சரிவுல இருந்தப்ப ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் அரசு கூரைக்குள்ள இன்சுலேஷன், அதாவது சூடு குளிரைத் தடுக்கற பொருள் போட வீட்டுக்கு 1,600 டாலர் வரைக்கும் கொடுத்துச்சு, வேலை இல்லாதவங்களுக்கு உடனே வேலை கொடுக்கணும்ங்கறதும் ஒரு நோக்கம். ஒரே வருஷத்துல 10 லட்சம் வீட்டுக்கு மேல போட்டுட்டாங்க, ஆனா அந்த வேகத்துக்கு ஆளுங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கல. 4 இளம் பசங்க செத்துப்போனாங்க, மூணு பேரு ஷாக் அடிச்சு, ஒருத்தர் கூரைக்குள்ள இருந்த வெக்கை தாங்காம. ஃபாயில் ஷீட்ட, அதாவது மெல்லிசான உலோகத் தாள் இன்சுலேஷன, மெட்டல் ஸ்டேப்பிள் வச்சு அடிக்கறப்ப அந்த ஸ்டேப்பிள் வயர்ல இறங்கினதும் அதுல ஒரு காரணம். 2010 பிப்ரவரில திட்டத்தையே நிறுத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி காலங்காலமா ஒழுங்கா இதே தொழில் பண்ணவங்களும் சேர்ந்து அடிவாங்கினாங்க. 2014ல இதை விசாரிச்ச ராயல் கமிஷன்ங்கற அரசு விசாரணை ஆணையத்தோட ரிப்போர்ட் வந்துச்சு, தமிழ்நாட்டுல யாராவது இப்படி ஒரு திட்டம் போடறதா இருந்தா அதை முதல்ல படிக்கணும்.

யூனிட் கணக்கு:
பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்கற புது வகை மோட்டார் இருக்கற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாச பில்லுல ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் குறையும். ஆனா 100 யூனிட்டுக்குள்ள இருக்கற வீட்டுக்கு பில்லே வராது, அவங்க எதுக்கு கூடுதல் காசு போட்டு புது ஃபேன் வாங்கணும்? அங்க மிச்சமாகறது அரசோட மானியப் பணம்தான், அதனால ஃபேனும் அரசுதான் போடணும். வேலை வாய்ப்புன்னு பாத்தா ஃபேன் மட்டும் பத்தாது. மத்திய அரசோட உஜாலா திட்டத்துல குறைஞ்ச விலையில 36 கோடி எல்இடி பல்பு கொடுத்தாங்க, கொள்முதல் விலை 310 ரூபால இருந்து 38க்கு இறங்குச்சு, ரொம்ப நல்ல விஷயம், ஆனா பல்பு மாட்ட வயர்மேன் யாருக்கு வேணும்?

கொத்தனார் மகன்:
வேலை கூரையில இருக்குங்க. மொட்டை மாடிய தேச்சுக் கழுவணும், வெடிப்ப அடைக்கணும், காய விடணும், அப்புறம் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டு. எங்கப்பா ஒரு பெயிண்டர், ரெண்டு சித்தாள் அக்காங்களோட போவாரு. அழுக்குப் படிஞ்சா வெயில திருப்பி அடிக்கற சக்தி குறையும், சில வருஷத்துல திரும்ப அடிச்சே ஆகணும், அப்ப அதே ஆளுக்கு திரும்ப வேலை. தெலங்கானாவுல 2023லயே கூல் ரூஃப் பாலிசி கொண்டுவந்துட்டாங்க.

மதுரை வயர்மேன்:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். அந்த நாலு பசங்க விஷயம் மனசுலயே நிக்குது. போன மாசம் எங்க கான்ட்ராக்டர் பத்தொம்பது வயசுப் பையன பெல்ட் இல்லாம ஓட்டுக் கூரையில ஏத்திவிட்டாரு, நானும் பாத்துட்டு சும்மாதான் இருந்தேன். நாளைக்கு பெல்ட் வாங்கித் தந்தாத்தான் ஏறுவோம்னு டீமா சேர்ந்து கேக்கப் போறோம்.