நம்ம டீயை ‘ஹார்ஷ்’னு எழுதிட்டாங்க! இந்தச் சொல் உங்களை எங்கே இடறிவிட்டுச்சு?

இலைக்கணக்கு, குன்னூர்:
விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்குற ஒரு பாட் லீஃப் ஃபேக்டரியில கணக்கெழுதச் சேர்ந்த புதுசு. ஐப்பசி அடைமழை. ஏலத்துக்கு அனுப்பின டஸ்ட் டீத்தூளை ருசி பார்த்துத் தரகர் ஆபீஸ்ல இருந்து ரிப்போர்ட் வந்துச்சு. எங்க லாட்டுக்கு நேரா ‘ஹார்ஷ்’னு ஒரே சொல். அகராதியில ‘கடுமையான’ன்னு போட்டிருக்கு. கடுமையான டீன்னா ஸ்ட்ராங் டீதானேன்னு சந்தோஷமா, ஃபேக்டரியில டீ தயாரிப்பைப் பார்த்துக்கிற டீ மேக்கர்கிட்ட ஓடினேன். அவர் சிரிக்கல. அந்த லாட்டுலயே ஒரு கப் ஊத்திக் குடுத்தார். திடமே இல்ல, ஆனா கருணைக்கிழங்கு தின்ன மாதிரி தொண்டை காறுச்சு. “இதாந்தம்பி ஹார்ஷ். பிரிஸ்க்னு எழுதியிருந்தா நீ ஓடி வந்தது சரி”ன்னார்.

காரணம் மழைதான். ஈர இலை மூட்டை மூட்டையா வந்து குவிஞ்சது, இலையை வாடப் போடுற ட்ரஃப்ல இடமில்ல. ராத்திரி பூரா வாட வேண்டிய இலையைப் பாதி வாடலிலேயே, நசுக்கிச் சுருட்டுற சி.டி.சி. மெஷினுக்குத் தள்ளிட்டோம். ஒழுங்கா வாடாத இலை பச்சைக் கசப்போடதான் கப்புக்கு வரும்.

துவர்ப்பு வேற, கசப்பு வேறங்கறது டேஸ்டர்களுக்கு வேதம். நாக்கைச் சுண்டி எழுப்புற துவர்ப்புக்குப் பேர் பிரிஸ்க். ‘பஞ்ஜென்ட்’னு எழுதினாக்கூட டீ உலகத்துல பாராட்டு! வெளியில அதே சொல்லை மூக்கைத் துளைக்கிற நெடிக்குச் சொல்றாங்க. உங்க கதையையும் எழுதுங்க.

சாக்பீஸ், கூடலூர்:
நான் இங்கிலீஷ் டீச்சர். தலைமையாசிரியர் ஓய்வு பெறும் விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் மேடையேறி, சார் ரொம்ப ‘ஹார்ஷ்’, அதனால்தான் நாங்கள் படித்தோம் என்று ஆங்கிலத்தில் கணீரென்று வாசித்தான். அவன் நினைத்தது கண்டிப்பு. அதற்கு ‘ஸ்ட்ரிக்ட்’ போதும், அதில் குறை சொல்லும் தொனி இல்லை. ஹார்ஷ் என்றால் தேவைக்கு மேல் வலிக்க வைத்தார் என்ற முறையீடும் சேர்ந்தே வரும். தண்டனை, தீர்ப்பு, விமர்சனம் எதற்கு முன்னால் போட்டாலும் அப்படித்தான். கண்ணைக் கூசும் விளக்கு, கையைப் பொரிக்கும் சோப்பு, காதைக் கிழிக்கும் குரல் எல்லாவற்றுக்கும் அதே சொல். சார் என்னவோ சிரித்துக்கொண்டேதான் கை தட்டினார். அந்தப் பையனைத் திருத்தத்தான் எனக்கு மனசு வரவில்லை.

தலைகுந்தா வாசி:
எங்க ஊர் உறைபனியை ‘ஹார்ஷ் வின்டர்’னு ஸ்டேட்டஸ் போடுறவங்க, ஒன்பது மணி வெயில்ல ஸ்வெட்டரைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிறாங்க. அந்தப் பனி யாருக்கு ஹார்ஷ்னு கருகிப்போன தேயிலைக் கொழுந்தைக் கேட்டாத் தெரியும்.

மச்சான் ஜெர்மன் படிக்கிறான். அங்கே ஹார்ஷ்னா மேல்தோல் இறுகி மொறுமொறுன்னு ஆன பனிக்கும் பேராம். இங்கிலீஷ்லயும் இந்தச் சொல் முதல்ல கைக்குத் தட்டுப்படுற சொரசொரப்புக்குத்தான் இருந்துச்சாம். ஜனவரி விடியல்ல எங்க புல்லு மேல செருப்பில்லாம நடந்து பாருங்க, அகராதியே வேண்டாம்.

ஏலக்காய் டீ, கோத்தகிரி:
எங்க ஹோம்ஸ்டேக்கு வடக்கே இருந்து புக்கிங் வந்தது, பேரு ஹர்ஷ். இங்கிலீஷ் எழுத்துல பார்த்துட்டு, யாரோ சிடுமூஞ்சின்னு அம்மா பயந்துட்டாங்க. வடமொழியில ஹர்ஷம்னா மகிழ்ச்சின்னு நான்தான் சொன்னேன். வந்த பையன் மூணு தடவை ரசம் வாங்கிக் குடிச்சான்.

இலைக்கணக்கு, குன்னூர்:
டீச்சர் சொன்ன ‘முறையீடு’ சரியான பிடி. தமிழ்ல இதுக்கு என்ன எழுதலாம்னு எங்க டீ மேக்கரைக் கேட்டேன். ‘காறல்’னார். டீக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியல. ஆளுக்குச் சொல்ல வேற வேணும்.

அந்த லாட் அந்த வாரம் விலை போகல. அதுக்கப்புறம் ட்ரஃப் கொள்ளுற அளவுக்குத்தான் இலைன்னு முடிவாச்சு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புற வேலை என் தலையில. நனைஞ்ச சாக்கோட நின்ன ஒரு அம்மாகிட்ட, “இன்னிக்கு எடுக்க முடியாது, போங்க”ன்னேன். அவங்க சாக்கைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு, “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு சாமி, ஏன் இவ்வளவு கடுசாச் சொல்றே”ன்னுட்டு மழையில இறங்கிப் போனாங்க.