இரவில் பிறந்தால் சனி நல்லவரா, கெட்டவரா?

துலாக்கோல் கேட்டது:
என் தங்கை மகள் 2013இல் சென்னையில் பிறந்தாள்; இரவு பத்து மணிக்குச் சற்று முன். துலாமில் சனி உச்சம். ஷட்பலத்தில் (கிரக பலத்தை ஆறு வகையாக அளக்கும் கணக்கு) நதோன்னத பலம், அதாவது பகல், இரவுப் பொழுதால் வரும் பலம், சனிக்கு 60க்கு 48, சுக்கிரனுக்கு 12. சனி பலசாலி என்று நிம்மதியாக இருந்தேன். கிரேக்க ஜோதிடம் படிக்கப் போனால் அங்கே வேறு கதை: சூரியன், குரு, சனி பகல் அணி, சந்திரன், சுக்கிரன், செவ்வாய் இரவு அணி. இரவுப் பிறப்புக்குச் சனிதான் படுத்துவாராம், சுக்கிரன் கைகொடுப்பாராம். யார் பேச்சைக் கேட்பது? தங்கையிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

பழைய பஞ்சாங்கம்:
திறக்காதீர்கள். இரண்டு முறைகளையும் கலந்தால் தூக்கம்தான் போகும்.

நாழிகை வட்டில்:
கலக்க வேண்டாம், ஒப்பிடலாமே. நம் பழைய ஜோதிட நூலான வராகமிகிரரின் பிருகத் ஜாதகமும் சந்திரன், செவ்வாய், சனிக்கு இரவிலும், சூரியன், குரு, சுக்கிரனுக்குப் பகலிலும், புதனுக்கு எப்போதும் பலம் என்கிறது. ஆக, இரு மரபுகளுக்கும் இடையே இடம் மாறி நிற்பவை சனியும் சுக்கிரனும் மட்டுமே. (புதன் கிரேக்க முறையில் சூரியனுக்கு முன் உதித்தால் பகல் அணி, பின் என்றால் இரவு அணி.)

ஆனால் நாம் அளப்பது பலத்தை. கிரேக்கர்கள் பார்ப்பது குணத்தை. சனி குளிர்ந்த கிரகம், பகலின் வெப்பம் அதைத் தணிக்கும்; செவ்வாய் வறண்டது, இரவின் ஈரம் அதை அடக்கும் என்பது பழங்கால கிரேக்க ஜோதிட ஆசிரியர் டாலமி சொல்லும் காரணம். அங்கே சூரியன் அடிவானத்தைத் தாண்டியதும் கைகொடுக்கும் அணி மாறிவிடும். நமக்கோ உச்சிப்பொழுதிலிருந்து நள்ளிரவு வரை இந்தப் பலம் நாழிகைக்கு (24 நிமிடம்) 2 வீதம் இரவுக் கிரகங்களுக்கு ஏறும், பகல் கிரகங்களுக்கு இறங்கும். உதயத்தில் புதன் தவிர எல்லோருக்கும் ஏறக்குறைய 30தான். உங்கள் குழந்தை நள்ளிரவுக்கு 6 நாழிகை முன் பிறந்ததால் 48.

அந்த 48ஐப் பிடித்துக்கொண்டு சனியைக் கொண்டாடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஷட்பலத்தில் ஆறு வகையும் சேர்த்துச் சனிக்கு வேண்டியது மொத்தம் 300. அதோடு, பலமுள்ள கிரகம் நன்மைதான் செய்யும் என்று யார் சொன்னது? ஆதிபத்தியத்தை, அதாவது லக்னத்திலிருந்து எந்த வீடுகளுக்கு உரியவர் என்பதைப் பாருங்கள். லக்னத்தையே நீங்கள் எழுதவில்லையே!

பழைய பஞ்சாங்கம்:
தாஜிகத்தில் (ஆண்டு பலன் பார்க்கும் முறை) பகல், இரவுக்கு ஏற்பக் கணக்கே திரும்பும். புண்ணிய சகமம் என்னும் கணிதப் புள்ளிக்குப் பகலில் சந்திர ஸ்புடத்திலிருந்து (ராசிச் சக்கரத்தில் சந்திரன் நிற்கும் பாகை) சூரியனைக் கழித்து லக்னத்தைக் கூட்டுவோம். இரவில் சூரியனிலிருந்து சந்திரனை.

துலாக்கோல்:
ரிஷப லக்னம்.

நாழிகை வட்டில்:
அப்படியானால் சனி ஒன்பதாம், பத்தாம் வீடுகளுக்கு உரியவர், யோககாரகர் (நல்ல யோகம் தருபவர்), ஆறாம் வீட்டில் உச்சம். இதற்குப் போயா பயந்தீர்கள்? சனி வக்ரமா (பின்னோக்கி நகர்கிறாரா) என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.